தபால்களைக் கிரிவலம் அழைத்துப் போனவர்

எங்கள் திருவண்ணாமலையில் நாத்திகர் எழுதிய கடிதம்கூட கிரிவலம் முடித்துவிட்டுத்தான் ஊரை விட்டு வெளியேறியது. பேங்க் நோட்டீஸ், வக்கீல் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, விவாகரத்து சம்மன், ஆன்லைனில் வாங்கி அளவு சரியில்லாமல் திருப்பி அனுப்பிய செருப்பு என்று எல்லாமே மலையைச் சுற்றிப் புண்ணியம் சேர்த்துக்கொண்டன. செருப்புக்கே அந்த பாக்கியம் கிடைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு ஆள்தான். ஒப்பந்தத்தில் மெயில் வேன் ஓட்ட எங்கள் தபால் ஆபீசுக்கு வந்து சேர்ந்த பிரதட்சணம்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கு வேறு. அது அவருடைய லைசென்சில் இருக்கிறது. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான்.

மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றவேண்டும் என்பது எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனால் மற்றவர்களுக்கு அது பௌர்ணமிக்கு நடக்கும்போது உள்ள முறை. பிரதட்சணத்துக்கு டீ குடிக்கப் போகும்போதும், டீசல் போடப் போகும்போதும், பஞ்சர் ஒட்டப் போகும்போதும் அதே முறைதான். மலையடி ரோட்டில் மலை தனக்கு இடப்பக்கம் வருகிற மாதிரி வண்டி ஓட்டவே மாட்டார். ஊரிலிருந்து செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் போகச் சொன்னால் பேஷாகப் போவார், மலை வலப்பக்கம் இருக்கும். வந்த வழியே திரும்பி வரச் சொன்னால் மட்டும் வரமாட்டார். அப்படியே அடி அண்ணாமலை வழியாக மலையை முழுசாக ஒரு சுற்று சுற்றி, வடக்குப் பக்கமாக ஊருக்குள் நுழைவார். எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருக்கும் இடத்துக்கு மலையையே வளைத்து வருவார். ஏதாவது வேண்டுதலா என்று நானே ஒருமுறை கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, கை அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான் என்றார்.

இந்தக் கையை வைத்துக்கொண்டு எந்த வேலையில் நிலைப்பது? முதலில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டினார். பிள்ளைகள் தினமும் கிரிவலம் முடித்துவிட்டு, பசியோடும் பக்தியோடும் வீடு சேர்ந்தார்கள். முதல் வாரம் பெற்றோர்களுக்குப் புல்லரித்தது. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் புகார் போனது. பிறகு பால் வண்டி. செங்கம் ரோட்டு ஓட்டல்களுக்குப் போட்டதுபோக மிச்சமான பால், சித்திரை வெயிலில் மலையைச் சுற்றி வரும்போது பாதி வழியிலேயே தயிராகும் முடிவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை கார். ஆசிரமத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருந்த மாப்பிள்ளையை ஊருக்குள் மண்டபத்துக்குக் கூட்டிவர வேண்டும், அவ்வளவுதான் வேலை. மேளக்காரர்கள் வாசித்து வாசித்துக் களைத்துப்போனார்கள். மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று பெண்ணின் சித்தப்பா அழவே ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளையோ அடி அண்ணாமலையில் காருக்குள் உட்கார்ந்து, முகூர்த்தம் போய்விடும் என்று கத்திக்கொண்டிருந்தான். மலையைச் சுற்றி வந்து தாலி கட்டுகிற யோகம் யாருக்கு வாய்க்கும் என்று பிரதட்சணம் அவனைத் தேற்றிக்கொண்டே ஓட்டியிருக்கிறார்.

இதற்குப் பிறகுதான் அவர் மனைவி சாந்தி ஒரு முடிவுக்கு வந்தார். கடைசியாக ஒரு வேலை பார்க்கலாம், அதிலும் நிற்கவில்லை என்றால் வண்டியை விற்றுவிட்டுக் கீழ்பென்னாத்தூரில் தன் தம்பியின் மல்லாட்டை மில்லில் வேர்க்கடலை மூட்டை தூக்கப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். தம்பியை எனக்கு நன்றாகத் தெரியும், நானும் தினமும் அந்த ஊரிலிருந்துதான் பஸ்ஸில் வேலைக்கு வருகிறேன். நாள் முழுக்க மில் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, மற்றவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்று சொல்வதை முழுநேர வேலையாக வைத்திருக்கும் ஆள். அடுத்த மாசம் மாமா நம்மகிட்டதான் என்று பஸ்ஸில் என்னிடமே சொல்லிச் சிரித்தான். மில் பெயர் போட்ட பனியன் ஒன்றைக்கூட அக்கா வீட்டுக்கு முன்கூட்டியே கொடுத்தனுப்பியிருந்தான். பிரதட்சணம் அதைத் தொட்டுப் பார்க்கவே இல்லை என்று கேள்வி.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஆபீசில் மெயில் வேனுக்கு ஒப்பந்த ஆள் தேடினோம். சொந்த வண்டி இருக்கவேண்டும், ஒரு மாதம் சோதனை ஓட்டம், சரியாக ஓடினால் ஒப்பந்தம் உறுதி. பிரதட்சணம் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கழுவித் துடைத்த வேன். லைசென்ஸ் சரி, இன்சூரன்ஸ் சரி, கண் பார்வை சரி. குடிப்பீங்களா என்று கேட்டதற்குக் காதைப் பொத்திக்கொண்டார். எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்ட நாங்கள், மலையை எந்தப் பக்கம் வைத்து ஓட்டுவீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. யாருக்குத் தோன்றும்?

வேலை இதுதான். காலையில் ஊர் முழுக்கப் பைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். மத்தியானத்துக்கு மேல் இரண்டு நடை. முதல் நடையில் செங்கம் ரோட்டுக் கிளை ஆபீசுக்குப் போய்ப் பையை எடுத்து வரவேண்டும். வந்து இறக்கிவிட்டு, இரண்டாவது நடையில் மலைக்குப் பின்னால் அடி அண்ணாமலைக்குப் போய் அங்கிருக்கும் பையை எடுத்து வரவேண்டும். இரண்டையும் நான் பிரித்து ஊர்வாரியாக அடுக்கி, சாயங்காலம் வேலூர் போகிற பெரிய வண்டியில் ஏற்றவேண்டும். பழைய டிரைவர் இரண்டு நடையையும் முடித்துவிட்டுச் சாவகாசமாக ஒரு தூக்கமும் போடுவார்.

பிரதட்சணம் முதல் நடைக்கு ஒரு முழுச் சுற்று, இரண்டாவது நடைக்கு ஒரு முழுச் சுற்று என்று தினமும் இரண்டு கிரிவலம் போனார். வேலூர் வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும். அதன் டிரைவர் ஹாரனை அடிப்பார். நான் வெறும் மேஜைக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன். எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம் வரும். இவர் வந்த பிறகு அது மூக்கிலேயே குடித்தனம் நடத்தியது.

என்னைவிடப் பரிதாபம் எங்கள் போஸ்ட்மாஸ்டர் மேடம். ஆரணிப் பக்கத்துச் சமணக் கிராமம், நயினார் வீட்டுப் பெண். சமண முறைப்படி பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டார். வழக்கமாக வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிடுவார். பிரதட்சணம் வந்த பிறகு, பை வராமல் ஆபீசைப் பூட்டமுடியாது, பை வருவதற்குள் சூரியன் போய்விடும். முதல் நாள் பட்டினியாகவே வீட்டுக்குப் போனார். மறுநாளிலிருந்து இரண்டாவதாக ஒரு டிபன் பாக்ஸ் கொண்டுவந்து, ஒரு கண் கேட்டிலும் ஒரு கண் மேற்கிலுமாக மேஜையில் வைத்தே சாப்பிட்டார். ஆறிப்போன இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே அவர் பிரதட்சணத்தைப் பார்த்த பார்வையில், வேறு யாராவதாக இருந்தால் வேலையை விட்டே ஓடியிருப்பார்கள். பிரதட்சணம் மட்டும், சாப்பிடுங்க மேடம், நான் வெயிட் பண்றேன் என்பார்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஆளாளுக்கு அவரைத் திருத்தப் பார்த்தோம். மேடம் அன்பாகச் சொல்லிப் பார்த்தார். நான் கத்திப் பார்த்தேன். தபால்காரர் ஒருவர், வண்டிக்கு எது வலம் எது இடம், அது இரும்புதானே என்று தத்துவம் பேசிப் பார்த்தார். இரும்புக்குள்ள நான் இருக்கேனே என்று பிரதட்சணம் சொன்னதும் அந்தத் தத்துவம் அங்கேயே படுத்துவிட்டது. கோயில் குருக்கள் ஒருவர் மணியார்டர் அனுப்ப வந்தபோது அவரையே பிடித்துக் கேட்டோம். வேலை நிமித்தம் எப்படிப் போனாலும் தோஷமில்லை என்று அவர் தெளிவாகச் சொன்னார். பிரதட்சணம் கைகட்டி முழுசையும் கேட்டார், குருக்கள் காலில் விழுந்தார், எழுந்து போய் மறுபடியும் மலையைச் சுற்றிக்கொண்டே வந்தார்.

இதற்கு நடுவில் செங்கம் ரோட்டில் வேறு கதை ஆரம்பித்தது. அந்தப் பக்கம் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு எப்படியோ செய்தி போய்விட்டது. ஒரு அம்மாள் ஊதுவத்தியும் புத்தகமுமாக ஒரு பெரிய பார்சலைக் கொண்டுவந்து வைத்து, இது மலையைச் சுற்றித்தான் போகும் என்று உறுதி கொடுக்கமுடியுமா என்று கிளை ஆபீசில் கேட்டிருக்கிறார். பிறகு உள்ளூர்க்காரர்களும் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளோடு ஊருக்குள்ளிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து அங்கே போய்த் தபாலில் சேர்த்தார்கள். பை பிதுங்கியது. பிதுங்கிய பை வழக்கம்போல நேரம் கழித்துத்தான் வந்தது. கூடுதல் வேலை எனக்கு, பெயர் அவருக்கு.

ஒப்பந்த வண்டிகளில் ஜி.பி.எஸ். கருவி வைப்பது கட்டாயம். மேலே கோட்ட ஆபீசில் ஒருநாள் யாரோ திரையைப் பார்த்துவிட்டு மேடத்துக்கு போன் செய்தார்கள். உங்க வேனை எவனோ திருடிட்டான் போல, மலையைச் சுத்திச் சுத்தி ஓட்டிக்கிட்டு இருக்கான் என்றார்கள். திருடனாக இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும் என்கிற குரலில் மேடம் விஷயத்தைச் சொன்னார். அடுத்த நாளே ஒரு இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார்.

சேலத்துப் பக்கத்துக்காரர், மொடமொடவென்று சட்டை, சிரிப்பு கம்மி. வண்டியில் கூடவே போய்ப் பார்த்து, அன்றைக்கே ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று முடிவு செய்வதாகச் சொன்னார். சோதனை மாதத்தில் மிச்சம் சில நாட்கள்தான். பிரதட்சணத்தின் விபூதி அன்றைக்கு வழக்கத்தைவிட ஜாஸ்தியாக இருந்தது. சார், நீங்களும் கூட வாங்க, எனக்கு ஒரு தைரியம் என்று என்னைக் கூப்பிட்டார். அவரைத் தினமும் திட்டுகிற என்னைப் பார்த்தா இந்த மனுஷனுக்குத் தைரியம் வரவேண்டும்? பின்னால் பை போடுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

போகும்போது எல்லாம் நன்றாகவே போனது. கிளை ஆபீசில் பையை ஏற்றியதும் இன்ஸ்பெக்டர் சாவகாசமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"இங்க பாருங்க. இந்த ரோட்லயே நேரா ஆபீஸ் போகணும். மலையைச் சுத்துனா இன்னையோட முடிஞ்சுது."

பிரதட்சணம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவனின் சிரிப்பு எனக்கே கண்முன் வந்தது. போய்த் தொலையேன்யா, ஒரே ஒரு தடவை போனால் மலை கோபித்துக்கொள்ளுமா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கியரைப் போட்டார். வண்டி பின்பக்கமாக நகர்ந்தது.

திருப்புவதற்காகத்தான் ரிவர்ஸ் எடுக்கிறார் என்று நினைத்தோம். அவர் திருப்பவில்லை. வண்டியின் மூக்கு செங்கத்தைப் பார்த்தபடியே இருக்க, வால் முன்னால் போக, வேன் ஊரை நோக்கிப் பின்பக்கமாகவே ஊர்ந்தது.

"என்னய்யா பண்ற?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நீங்க சொன்ன ரோட்லதான் சார் போறேன். மலையும் வலப்பக்கம்தான் இருக்கு, பாருங்க."

பார்த்தேன். சத்தியமாக வலப்பக்கம்தான் இருந்தது.

செங்கம் ரோட்டை நீங்கள் பார்த்திருந்தால் அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும் என்று புரியும். பஸ், ஆட்டோ, சைக்கிளில் வெள்ளைக்காரர்கள், இளநீர் வண்டி, காவி வேட்டிகள், யாருக்கும் பயப்படாத மாடுகள். ரோட்டோரத்தை ஒட்டி, நடக்கிற வேகத்தில், பிரதட்சணம் கழுத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டு ஓட்டினார். இன்ஸ்பெக்டர் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, எதிரே விலகிப் போய்க்கொண்டிருக்கும் உலகத்தைப் பார்த்தார். வண்டி ரிவர்ஸ் எடுத்தால் ஒரு பாட்டு வருமே, அது வழி நெடுக ஓடிக்கொண்டே வந்தது. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் தன் பயணிகளை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்து, வா, வா, லெஃப்ட்ல ஒடி, நேராக்கு என்று கொஞ்ச தூரம் கூடவே நடந்து வழிகாட்டினார். பிள்ளையார் கோயில் வாசலில் நின்ற ஒரு அம்மா, ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று வேனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சந்திப்பில் டிராஃபிக் கான்ஸ்டபிள் கையைக் காட்டி நிறுத்தி உள்ளே குனிந்து பார்த்தார். பிரதட்சணம் என்று தெரிந்ததும், உன்கிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது, போ என்று அனுப்பிவிட்டார்.

ஆபீஸ் கேட்டுக்குள் வேனின் பின்பக்கம் நுழைந்தபோது மேடம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்த மாதத்திலேயே முதல்முறையாக முதல் நடைப் பை நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் இறங்கி ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு, இந்த ஆள் வேண்டாம், நாளைக்கே வேற வண்டி பாருங்க என்றார்.

இத்தனை நாள் இந்த வார்த்தையைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், வந்தபோது கேட்கப் பிடிக்கவில்லை. பிரதட்சணம் பையை இறக்கி என் மேஜைமேல் வைத்தார். முகம் இருண்டிருந்தது. ஆனாலும் வேலை வேலைதானே, சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி வண்டிப் பக்கம் போனார்.

"எங்க போறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டாவது நடை இருக்குங்களே. அடி அண்ணாமலை."

"எந்த வழியா?"

"செங்கம் ரோடு வழியாத்தான் சார்."

"இப்பதானே அங்கருந்து வந்தோம்?"

"ஆமாங்க."

"அங்கருந்து அப்படியே போனா அடி அண்ணாமலை வராதா?"

"வரும் சார். சுத்துற வழிதானே."

"பின்ன ஏன்யா இங்க வந்துட்டு மறுபடி போற?"

"முதல் பையை இறக்கிட்டுத்தான் போகணும்னு ஆர்டர் சார்."

இன்ஸ்பெக்டர் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். எந்தக் காலத்திலோ, எந்த ஊரிலோ உட்கார்ந்து மலையைப் பார்க்காத யாரோ போட்ட நேர அட்டவணை அது. ஒரே சுற்றில் இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு வேலூர் வண்டிக்கு முன்னாலேயே வந்துவிடலாம் என்பது எங்கள் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. குருக்கள்வரை பிடித்துக் கேட்டு பிரதட்சணத்தின் கையைத் திருப்புவதிலேயே ஒரு மாதம் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். சரி, இவரே ஓட்டட்டும், இனிமேல் ரெண்டும் ஒரே நடை, ஒரே சுத்து, மலையை எந்தப் பக்கம் வேணும்னாலும் வெச்சுக்குங்க, ரிவர்ஸ் மட்டும் கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். எங்களுக்கு மூச்சு வந்தது. நாங்கள் எல்லாரும் பிரதட்சணம் அவர் காலில் விழப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவரோ முகம் வாடிப்போய் நின்றார்.

"அப்ப தினம் ஒரு சுத்துதானா சார்?"

அவர் வாயை நான் பொத்தவேண்டியதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை லீவுதானே, அன்னைக்கு எத்தனை வேணும்னாலும் சுத்துங்க என்று மேடம் சமாதானம் சொன்ன பிறகுதான், அப்ப சரிங்க என்று தலையாட்டினார். இன்ஸ்பெக்டர் முதல்முறையாகச் சிரித்தார்.

அடுத்த வாரம் ஒப்பந்தம் உறுதி என்று உத்தரவு வந்தது. மேடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு லட்டு கொடுத்தார். பிரதட்சணம் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு போன் போட்டார். வேலை நிரந்தரம் ஆயிடுச்சு என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு போனை என்னிடம் நீட்டி, அவ நம்ப மாட்டேங்கறா சார், நீங்களே சொல்லிடுங்க என்றார்.

மறுமுனையில் சாந்தி, "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இவரு எந்த வேலையிலயும் ஒரு மாசம் தாண்டுனதில்ல. நிஜமாவே வெச்சுக்குவீங்களா?" என்று கேட்டார்.

"பயப்படாதம்மா. இவர விட்டா எங்களுக்கு வேற ஆளு கிடையாது" என்றேன்.

அந்த அம்மாவின் மனசு ஆறட்டும் என்று, வாய்க்கு வந்ததைச் சொல்வதாகத்தான் நினைத்தேன். சொல்லி முடித்த பிறகுதான் அது நிஜம் என்று எனக்கே உறைத்தது.